பேரைக் கேட்காதே... டோக்கனைக் காட்டு!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற எல்லாருக்கும் பழக்கமான ஒரு ரெண்டு மார்க் கேள்வி உண்டு. 'கேப்பபிலிட்டி என்றால் என்ன?' அட்டையில் டைனோசர் படம் போட்ட கால்வின் புத்தகத்தில், 'புரொடெக்‌ஷன்' அத்தியாயத்தில் பதில் இருக்கும். செமஸ்டர் நெருங்கும்போது முதல் ஆளாக சாய்ஸில் விடப்படும் அத்தியாயமும் அதுதான்! ஷெட்யூலிங், டெட்லாக் என்றால் கணக்கு போட்டு மார்க் அள்ளலாம். இதைப் படித்து என்ன ஆகப்போகுது என்று ஒரு நினைப்பு.

ஆனா பாஸ், நெட்டிலிருந்து இறக்கின ஏதோ ஒரு இலவச 'ரெஸ்யூம் மேக்கர்' உங்க லேப்டாப்பில் இருக்கும் ஃபேமிலி போட்டோ, புராஜெக்ட், பாஸ்வேர்டு ஃபைல் எல்லாத்தையும் ஏன் தடையில்லாமல் படிக்க முடியுது? அந்தக் கேள்விக்கான பதில் அந்த ரெண்டு மார்க்குக்குள்தான் ஒளிஞ்சிருக்கு.

கம்ப்யூட்டரே படிக்காத பி.காம்., பி.ஏ. நண்பர்களும் தாராளமா தொடர்ந்து படிக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப ஈஸி. ரெண்டு விதமான 'அனுமதி'யும் நம்ம ஊரிலேயே கண்ணெதிரே இருக்கு.

முதல் விதத்துக்கு, மரைன் தெருவில் இருக்கும் பிரெஞ்சு கான்சுலேட்டை நினைச்சுக்கோங்க. பிரான்ஸில் ஜனாதிபதி தேர்தல் வந்தால், இங்கே இருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். கதை 1962-லிருந்து வருகிறது. அந்த வருஷம் ஆகஸ்ட் 16-ல் ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் 6 மாசத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்பு. எழுதிக் கொடுத்தவர் வாரிசின் பெயர் லிஸ்டில் இருக்கலாம். அதே தெருவில், எழுதிக் கொடுக்காத எதிர்வீட்டுக்காரர் வாரிசின் பெயர் இருக்காது. வாசலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'நீங்க யாரு? லிஸ்ட்ல பேரு இருக்கா?'

ரெண்டாவது விதம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டூவீலர் ஸ்டாண்டு. அங்கே உங்க பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். கையில் டோக்கன் இருக்கா? இந்த டோக்கனுக்கு இந்த வண்டி, அவ்வளவுதான். தம்பி கையில் டோக்கனைக் கொடுத்து அனுப்பினால் அவனும் வண்டியை எடுத்துட்டு வரலாம். ஆனால் அந்த ஒரு வண்டியைத்தான் எடுக்க முடியும். பக்கத்தில் நிற்கும் புல்லட் மேல் என்னதான் ஆசை இருந்தாலும் தொட முடியாது.

முதல் விதத்துக்குப் பெயர் 'ஆக்சஸ் கன்ட்ரோல் லிஸ்ட்'. ரெண்டாவதுதான் 'கேப்பபிலிட்டி'. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜாக் டென்னிஸ், எர்ல் வான் ஹார்ன் இருவரும் 1966-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த அர்த்தத்தில் அந்த வார்த்தையைப் பயன்படுத்தினார்கள். யூனிக்ஸே பிறக்காத காலம் அது!

சாவிக்கொத்தோடு கொடுத்துட்டீங்க!

விண்டோஸோ லினக்ஸோ, உங்க லேப்டாப் அடிப்படையில் முதல் விதம். ஒவ்வொரு ஃபைலுக்கும் 'யார் படிக்கலாம், யார் எழுதலாம்' என்று ஒரு லிஸ்ட் இருக்கும். நீங்க லாக்-இன் பண்ணி ஒரு புரோகிராமை ஓட்டினால், அது உங்க பெயரிலேயே ஓடும். அதாவது நீங்க என்னவெல்லாம் செய்யலாமோ, அதெல்லாம் அதுவும் செய்யலாம்.

பைக்கை சர்வீஸ் விடும்போது மெக்கானிக்கிடம் வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்போம் இல்லையா? கம்ப்யூட்டரில் அது நடப்பதே இல்லை. வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கோத்த கொத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். மெக்கானிக் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கடையில் திருடன் புகுந்தால்?

திருடன் புகுவது கற்பனை இல்லை. 2023 செப்டம்பரில் 'வெப்பி' வகைப் படங்களைத் திறந்து காட்டும் லைப்ரரியில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. தவறாக வடிவமைத்த ஒரு படத்தை அனுப்பினாலே, அதைத் திறக்கிற புரோகிராமைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அவசர அவசரமாக அப்டேட் விட்டன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஓட்டை ஏன் வந்தது என்பது மட்டும் இல்லை. சி மொழியில் எழுதினால் ஓட்டை வரத்தான் செய்யும். ஒரு படத்தைப் பிக்ஸலாக மாற்றுகிற வேலைக்கு உங்க முழு சாவிக்கொத்து எதுக்கு?

குழம்பிப் போன குமாஸ்தா

லிஸ்ட் முறையில் இன்னொரு கூத்தும் இருக்கு. நார்ம் ஹார்டி என்ற புரோகிராமர் 1988-ல் எழுதிய சின்னக் கட்டுரை இது. இந்தத் துறையில் ரொம்ப ஃபேமஸ்.

அமெரிக்காவில் டைம்ஷேர் என்ற கம்பெனி. பல பேர் ஒரே பெரிய கம்ப்யூட்டரை வாடகைக்குப் பயன்படுத்தின காலம். அங்கே ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர் இருந்தது. மொழியின் எந்தெந்த அம்சங்கள் பயன்படுத்தப்படுகின்றன என்ற கணக்கைத் தன் டைரக்டரியில் எழுதி வைக்க, அந்தக் கம்பைலருக்குத் தனி அனுமதி கொடுத்திருந்தார்கள். அதே டைரக்டரியில்தான் பில்லிங் ஃபைலும் இருந்தது. ஒரு யூசர், 'டீபக் தகவலை இந்த ஃபைலில் எழுது' என்று சொல்லி, பில்லிங் ஃபைலின் பெயரைக் கொடுத்தார். கம்பைலரும் சமர்த்தாக எழுதியது. பில் கணக்கு காலி!

அந்த யூசருக்கு பில்லிங் ஃபைலைத் தொட அனுமதி இல்லை. கம்பைலருக்கு இருந்தது, ஆனால் வேறு வேலைக்காக. 'இப்போது நான் யாருடைய அதிகாரத்தில் எழுதுகிறேன்?' என்று கம்பைலருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹார்டி இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'குழம்பிப் போன குமாஸ்தா' என்று சொல்லலாம். யூசர் வெறும் பெயரைக் கொடுக்காமல், 'இதோ நான் எழுதக்கூடிய ஃபைலின் டோக்கன்' என்று கொடுத்திருந்தால்? அவர் கையில் பில்லிங் ஃபைலின் டோக்கனே இருந்திருக்காது. கதை அங்கேயே முடிந்திருக்கும்.

லேபில் ஒரு டெஸ்ட்

இனிமேல்தான் மேட்டர். டோக்கன் உங்க லேபில் ஏற்கனவே இருக்கு! சி புரோகிராமில் ஒரு ஃபைலை ஓப்பன் செய்தால் திரும்பி வருமே ஒரு நம்பர்... பெரும்பாலும் 3. ஏன் 3? கீபோர்டு, ஸ்க்ரீன், எரர் மெசேஜ் மூன்றுக்கும் 0, 1, 2 போய்விட்டது. யூனிக்ஸ் உலகில் இதை 'ஃபைல் டிஸ்கிரிப்டர்' என்பார்கள். விண்டோஸில் 'ஹேண்டில்'.

ஒரு லினக்ஸ் மெஷினில் இதைச் செஞ்சு பாருங்க. ஒரு ஃபைலை ஓப்பன் பண்ணி, ஒரு நிமிஷம் தூங்கி, பிறகு படிக்கிற மாதிரி நாலு வரி எழுதுங்க. அது தூங்கும்போது இன்னொரு டெர்மினலில் அந்த ஃபைலுக்கு 'சிஎச்மாட் 000' கொடுங்க. அதாவது யாருமே படிக்கக்கூடாது. இப்போ தூங்கி எழுந்த புரோகிராம் என்ன பண்ணும்? ஜம்முனு படிக்கும்!

காரணம், கெர்னல் லிஸ்டைப் பார்ப்பது ஓப்பன் செய்கிற அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு 3 என்பதுதான் டோக்கன். அந்த 3-ஐ யாரும் கள்ளத்தனமாக அச்சடிக்கவும் முடியாது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி டேபிளை கெர்னல் தன் பூட்டுக்குள் வைத்திருக்கிறது. உங்க 3 வேற, என் 3 வேற. நம்பரைக் காதில் கேட்டுட்டு வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. (கூகுள் டாக்ஸ் லிங்க்கும் ஒரு மாதிரி டோக்கன்தான். ஆனால் அது வெறும் எழுத்து. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் ஃபார்வேர்டு பண்ணிட்டா போச்சு!) முறைப்படி கொடுக்க நினைத்தால், யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஒரு புரோகிராம் தன் டிஸ்கிரிப்டரை இன்னொன்றுக்கு அனுப்பலாம். தம்பி கையில் டோக்கன் கொடுத்த மாதிரி.

அப்போ பிரச்னை முடிஞ்சதா? இல்லை. இது பாதி டோக்கன்தான்.

முதல் குறை: டோக்கனில் உரிமைகள் சரியாக எழுதப்படவில்லை. 'படிக்க மட்டும்' என்று ஓப்பன் செய்த 3-ஐ வைத்துக்கொண்டு, ஃபைலுக்குச் சொந்தக்காரர் நீங்களாக இருந்தால், 'எஃப்சிஎச்மாட்' செய்து அந்த ஃபைலின் அனுமதியையே மாற்றலாம். படிக்க மட்டும் கொடுத்த லைப்ரரி புத்தகத்தின் அட்டையைக் கிழித்துவிட்டு வேறு பெயர் ஒட்டுகிற மாதிரி!

ரெண்டாவது குறை இன்னும் பெருசு. டோக்கன் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புரோகிராம் எப்போது வேண்டுமானாலும் கவுன்டருக்குப் போய், 'நான் இன்னாருடைய ஆள், அந்த ஃபைலைத் திற' என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். பின்வாசல் திறந்தே கிடக்கும்போது முன்வாசலில் டோக்கன் முறை எதுக்கு?

மிளகாய் பெயரில் ஒரு மருந்து

இந்த ரெண்டு குறையையும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிஜ கெர்னலில் சரி பண்ணினவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வாட்சன், ஜொனாதன் ஆண்டர்சன், கூகுளின் பென் லாரி, கிரிஸ் கென்னவே. 2010-ல் 'கேப்சிகம்' என்ற பெயரில் ஃப்ரீ-பிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக எழுதினார்கள். (ஆமாம், மிளகாய், குடைமிளகாய் குடும்பத்துப் பெயரேதான். கேப்பபிலிட்டியில் இருக்கும் 'கேப்'பை வைத்து விளையாட்டு!) யூஸ்நிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டில் சிறந்த மாணவர் கட்டுரை விருது வாங்கியது அது.

புதுசா ஒரு ஓ.எஸ். எழுதி, பழைய சாஃப்ட்வேரை எல்லாம் குப்பையில் போடு என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிற டிஸ்கிரிப்டர் மேலேயே உரிமைச் சீட்டு ஒட்டினார்கள். படிக்க, எழுத, நகர்ந்து தேட, அனுமதியை மாற்ற... ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. அந்தக் கட்டுரை வந்தபோதே 60-க்குப் பக்கம். ஒரு புரோகிராம் தன் டோக்கனில் இருக்கும் உரிமையைக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டிக்கொள்ளவே முடியாது.

எங்கே செக் பண்ணுவது என்பதில்தான் சூட்சுமம். கெர்னலில் நூற்றுக்கணக்கான சிஸ்டம் கால்கள். ஒவ்வொன்றிலும் போய் சோதனை போட்டால் எங்கேயாவது ஒன்று விட்டுப்போகும். ஆனால் எல்லா கால்களும் '3 என்றால் எந்த ஃபைல்?' என்று கேட்க ஒரே வாசலுக்குத்தான் வரணும். அந்த ஃபங்ஷனுக்கு 'எஃப்கெட்' என்று பெயர். 'எந்த வேலைக்காகக் கேட்கிறாய்?' என்ற கேள்வியை அந்த வாசலில் வைத்தார்கள். நல்ல டிசைன் என்றால் என்ன என்று லெக்சரர் கேட்டால் இதைச் சொல்லலாம்.

பின்வாசலை மூட 'கேப் என்டர்' என்ற ஒரு கால். அதைக் கூப்பிட்ட நிமிஷத்திலிருந்து அந்தப் புரோகிராம் பெயர் சொல்லி எதையும் கேட்க முடியாது. கையில் ஏற்கனவே இருக்கும் டோக்கன்கள், அவற்றிலிருந்து வருபவை, யாராவது அனுப்பி வைப்பவை மட்டும்தான். திரும்பி வெளியே வரவும் வழி கிடையாது. அபிமன்யு பத்மவியூகத்தில் நுழைந்த கதைதான். என்ன, இங்கே அவன் தெரிந்தே, ஊர் நல்லதுக்காக நுழைகிறான்!

பலன்? குரோமியம் பிரவுசரை அடைத்து வைக்க, அன்றைக்கு விண்டோஸில் 22 ஆயிரம் வரிக்கு மேல் கோடு தேவைப்பட்டது. கேப்சிகமில் சுமார் 100 வரி. 2012-ல் வந்த ஃப்ரீ-பிஎஸ்டி 9.0-வில் சோதனை முயற்சியாக நுழைந்து, 2014-ல் 10.0 வந்தபோது எல்லாருக்கும் தானாகவே கிடைத்தது.

மத்தவங்க என்ன பண்றாங்க?

நியாயமாகப் பார்த்தால் விண்டோஸுக்கும் கொஞ்சம் பாராட்டு உண்டு. 1993-ல் வந்த என்.டி. காலத்திலிருந்தே அதன் ஹேண்டிலில் 'இன்னின்ன உரிமை' என்று குறித்து வைக்கும் வழக்கம் இருக்கு. பின்வாசல்தான் மூடவில்லை. கூகுளின் ஃபூஷியா ஓ.எஸ். இதில் ஒரு படி மேல். அதன் கெர்னலான ஜிர்கானில் ஹேண்டில் என்றாலே பொருளும் உரிமையும் சேர்ந்ததுதான். அந்த ஹேண்டிலை நகல் எடுக்கலாமா, அடுத்தவருக்கு அனுப்பலாமா என்பதுகூடத் தனித்தனி உரிமை. 2021-ல் நெஸ்ட் ஹப் என்ற சின்ன ஸ்மார்ட் ஸ்க்ரீனில் முதன்முதலாக வீடுகளுக்குள் வந்தது.

லினக்ஸ்தான் கொஞ்சம் பிகு பண்ணுது. கூகுளின் டேவிட் டிரைஸ்டேல் 2014-ல் கேப்சிகமை லினக்ஸுக்குக் கொண்டுவர பேட்ச்கள் அனுப்பினார். சேர்க்கப்படவில்லை. ஆனால் துண்டு துண்டாக அதே யோசனைகள் உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. 2019-ல் வந்த 'பிஐடி-எஃப்டி'யைப் பாருங்க. அதுவரை ஒரு புரோகிராமை நிறுத்தணும் என்றால் அதன் நம்பரைச் சொல்லி 'கில்' அடிக்கணும். அந்தப் புரோகிராம் அதற்குள் முடிந்துபோய், அதே நம்பர் வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டிருந்தால்? ஆள் மாறி அடி விழும்! இப்போது அந்தக் குறிப்பிட்ட புரோகிராமுக்கே டோக்கன் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2021-ல் 5.13 கெர்னலில் 'லேண்ட்லாக்' வந்தது. ஒரு புரோகிராம் தன் கையைத் தானே கட்டிக்கொள்ள அதில் வழி உண்டு.

இன்டர்வியூ போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: லினக்ஸில் 'கேப்பபிலிட்டீஸ்' என்ற பெயரிலேயே ஒன்று இருக்கு. அது ரூட் யூசரின் அதிகாரத்தைத் துண்டு போட்டது மட்டும்தான். டோக்கனும் இல்லை, ஒன்றும் இல்லை. பேர் ஒன்றாக இருக்கிறதே என்று உளறிவிட்டு வராதீங்க.

உங்க மொபைலிலும் இந்தக் காத்து அடிக்குது. முன்பெல்லாம் ஒரு ஆப்பில் ஒரே ஒரு போட்டோ போட, மொத்த கேலரிக்கும் 'அலோ' கொடுக்கணும். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-ன் போட்டோ பிக்கரில், ஆப் கேட்டதும் சிஸ்டமே ஜன்னலைத் திறக்கும். நீங்க தொட்ட படம் மட்டும் ஆப்புக்குப் போகும். நீங்க தொட்டதுதான் டோக்கன். தனியா பர்மிஷன் கேள்வியே கிடையாது.

டோக்கன் தொலைஞ்சா?

இவ்வளவு நல்ல விஷயம் 1966-லிருந்து இருந்தும் ஏன் எல்லா இடத்திலும் இல்லை? ஆட்சேபனைகளிலும் நியாயம் இருக்கு. லிஸ்டில் பேரை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்ட டோக்கனை எப்படித் திரும்ப வாங்குவது? சிட்னியில் நிக்டா ஆய்வு நிறுவனம் செய்த 'எஸ்இஎல்4' கெர்னல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு டோக்கன் போனது என்று வம்சாவளி மாதிரி ஒரு மரம் எழுதி வைக்கும். மேலே இருக்கிறவர் 'ரத்து' என்றால் அவரிடமிருந்து கீழே போனது அத்தனையும் செல்லாது. கிட்டத்தட்ட 8,700 வரி சி கோடு கொண்ட அந்தக் கெர்னல், எழுதிக் கொடுத்த விதிப்படிதான் நடக்கும் என்று 2009-ல் கணித முறையில் நிரூபித்தும் காட்டினார்கள்.

இன்னொரு ஆட்சேபனை பழக்கம். ஐம்பது வருஷத்து சாஃப்ட்வேர் எல்லாமே 'பெயரைச் சொன்னால் கதவு திறக்கும்' என்று நம்பி எழுதப்பட்டவை. என்னைக் கேட்டால், பெரிய தடை இதுதான். டெக்னாலஜி இல்லாமல் இல்லை. ஆனா அந்த நாலு வரியை உட்கார்ந்து மாற்றி எழுத ஆள் வேணுமே?

ஈ.சி.ஆரில் மூணு மணி நேரம்

இதெல்லாம் கேம்பிரிட்ஜ், சிட்னி சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் மூணு மணி நேரத்தில் சென்னை ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் காமகோடி (2022 ஜனவரியிலிருந்து ஐ.ஐ.டி.யின் இயக்குநர்) தலைமையில் உருவான 'சக்தி' பிராசஸர் குழு, இதே கேள்வியை இன்னும் கீழே இறங்கிக் கேட்டது. ஃபைலுக்கு டிஸ்கிரிப்டர் இருக்கு. மெமரிக்கு என்ன இருக்கு? சி மொழியின் பாயின்டர். அது வெறும் நம்பர். டோக்கனே இல்லை! எங்கே வேண்டுமானாலும் கை நீட்டும். மேலே சொன்ன வெப்பி ஓட்டைக்கும் மூலம் அதுதான்.

2017-ல் 'சக்தி-டி', 2019-ல் 'சக்தி-எம்எஸ்' என்று இரண்டு ஆய்வுகள். காமகோடியோடு செஸ்டர் ரெபெய்ரோ, அர்ஜுன் மேனன் உள்ளிட்டோர் எழுதியவை. 'இந்தப் பாயின்டர் இங்கிருந்து இதுவரைதான்' என்ற எல்லையையும் சேர்த்து வைத்து, தாண்டினால் சிப்பே பிடித்துவிடும் ஏற்பாடு. கேம்பிரிட்ஜில் கேப்சிகம் எழுதிய அதே வாட்சனும் கூட்டாளிகளும் 'செரி' என்ற பெயரில் பாயின்டரையே முழு கேப்பபிலிட்டி ஆக்கினார்கள். ஆர்ம் கம்பெனி 2022-ல் 'மொரெல்லோ' என்ற சோதனை போர்டில் அதைச் சிப்பாகவே போட்டுக் கொடுத்தது.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி, மறுபடியும் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' பண்ணப்போறவங்க கவனிக்க. காலாப்பட்டு லேபில் இருக்கும் சாதாரண பி.சி. போதும். வர்ச்சுவல் பாக்ஸில் ஃப்ரீ-பிஎஸ்டியைப் போடுங்க. ஓசிதான். ஏதாவது ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவியை எடுங்க. தேவையான ஃபைல்களை முதலில் திறந்துக்கோங்க, உரிமைகளைக் குறைங்க, 'கேப் என்டர்' கூப்பிடுங்க, பிறகு வேலையைத் தொடங்குங்க. கோடு பத்து இருபது வரியில் முடியலாம். எங்கெங்கே உடையுது என்று கண்டுபிடிப்பதில்தான் செமஸ்டரே ஓடும். முதல் ஆச்சரியம் பெரும்பாலும் கடிகாரத்தில் வரும். புரோகிராம் காட்டும் நேரம் திடீரென்று ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். டைம்ஜோன் ஃபைலை அது 'பெயர் சொல்லி' திறக்கப் பார்த்து, கதவு மூடியிருந்ததால் லண்டன் கிரீன்விச் நேரத்துக்குப் போய் நின்றிருக்கும். பின்வாசலை மூடுவதற்கு முன்பே அந்த ஃபைலைப் படித்து வைத்துக்கொண்டால் சரியாயிடும்.